பழுதுபார்ப்பதா, புதிது வாங்குவதா: நுகர்வோர் விவகாரத் துறைக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
நுகர்வோர் விவகாரத் துறை,
இந்திய அரசு, புது தில்லி.

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம்.

கடந்த மே மாதம் எங்கள் மதுரை வீட்டில் குளிர்சாதனப் பெட்டி பழுதானது. 2015இல் வாங்கிய 260 லிட்டர் ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகை அது. மேலே ஃப்ரீசரில் ஐஸ் கட்டி வழக்கம்போல் உறைந்துகொண்டிருக்க, கீழ்த்தட்டுகளில் மட்டும் குளிர் அறவே இல்லை. காலையில் ஆட்டி வைத்த இட்லி மாவு மதியத்துக்குள் பொங்கி வழிந்ததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அம்மாவின் இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்தாக வேண்டும் என்பதால், அதை எதிர்வீட்டு அக்காவிடம் கொடுத்துவைத்துவிட்டு, விரைவாக ஒரு முடிவுக்கு வர வேண்டியிருந்தது. பழுதுபார்ப்பதா, புதிது வாங்குவதா என்ற கேள்வி பெரும்பாலான வீடுகளில் இப்படித்தான், நிதானமாக யோசிக்க நேரமில்லாத ஒரு நாளில் வந்து நிற்கிறது. அந்த நாளில் நுகர்வோரின் கையில் என்ன தகவல் இருக்கிறது என்பதைப் பற்றியே இம்மடலை எழுதுகிறேன்.

நிறுவனத்தின் சேவை மையத்திலிருந்து வந்தவர் பத்து நிமிடம் பார்த்தார். பெட்டியை இயக்கும் மின்னணு போர்டு போய்விட்டது, இந்த மாடலுக்கு இனி போர்டு வராது, எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டுப் புதிது எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். வருகைக் கட்டணத்துக்கு ரசீது கிடைத்தது. எதைச் சோதித்தார், என்ன பழுது, எந்த உதிரிபாகம், அதன் விலை எவ்வளவு என்பதற்கு ஒரு வரிகூட எழுத்தில் கிடைக்கவில்லை. புதிய பெட்டிக்கான 28,000 ரூபாய்ச் செலவை ஒரு வாய்வார்த்தையின் பேரில் முடிவுசெய்ய மனம் வராமல், தெருமுனையில் கடை வைத்திருக்கும் மெக்கானிக்கை அழைத்தேன்.

அவர் முதலில் ஒரு திருகாணியைக்கூடக் கழற்றவில்லை. பெட்டியை அணைத்து, கதவைத் திறந்துபோட்டு, ஒரு நாள் முழுக்க அப்படியே விடச் சொன்னார். மறுநாள் போட்டதும் கீழ்த்தட்டு குளிர்ந்தது. ஒன்பதாம் நாள் மறுபடி நின்றது. தமக்கு வேண்டிய சான்று அதுதான் என்றார். இவ்வகைப் பெட்டியில் குளிர்விக்கும் சுருள் ஃப்ரீசரின் பின்புறப் பலகைக்குள் மறைந்திருக்கிறது. அதன் மேல் படியும் பனியை ஒரு சிறு ஹீட்டர் அவ்வப்போது உருக்கிவிட, விசிறி குளிர்காற்றைக் கீழே தள்ளுகிறது. ஹீட்டரோ, வெப்பநிலையைப் பொறுத்து அதை இயக்கி நிறுத்தும் பைமெட்டல் என்ற சிறு சுவிட்சோ பழுதானால் பனி இறுகிக் காற்றுவழி அடைபட்டுவிடும். மேலே உறையும், கீழே புழுங்கும். இரண்டையும் மாற்றக் கூலியோடு 1,900 ரூபாய் ஆயிற்று. போர்டில் ஒரு குறையும் இல்லை.

சேவை மையத்தவர் பொய் சொன்னார் என்று நான் குற்றஞ்சாட்டவில்லை. ஒரே நாளில் பல வீடு ஏறி இறங்க வேண்டியவருக்கு, பனி மறுபடி இறுகும்வரை காத்திருந்து பார்க்க நேரம் ஏது? ஆனால், கண்ட பழுதைக் கையொப்பத்தோடு எழுதிக் கொடுத்தாக வேண்டும் என்ற விதி இருந்திருந்தால், போர்டைச் சோதிக்காமல் போர்டு என்று அவர் எழுதியிருக்க மாட்டார்.

எல்லாப் பெட்டியையும் பழுதுபார்த்தே தீர வேண்டும் என்பதும் என் வாதமன்று. குளிரூட்டும் கேஸின் கசிவு வெளியே தெரியும் இணைப்பில் இருந்தால் அடைத்து, வெற்றிடமாக்கி, கேஸ் ஏற்றிவிடலாம். பக்கச் சுவரின் ஃபோமுக்குள் புதைந்த காயிலில் கசிந்தால் அந்தப் பெட்டிக்கு மேலும் செலவழிப்பது வீண். பழுதுச் செலவு புதியதன் விலையில் பாதியைத் தாண்டினால் மாற்றிவிடு என்று வீடுகளில் ஒரு கணக்குச் சொல்வார்கள். நல்ல கணக்குதான். ஆனால் புதியதன் விலை நாளிதழின் முதல் பக்கத்திலேயே கிடைக்கிறது. பழுதுச் செலவு எங்கும் கிடைப்பதில்லை. பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் 10 ஆண்டு உத்தரவாதமும் பெரும்பாலும் கம்ப்ரசருக்கு மட்டுமே. எங்களுக்குப் பழுதான ஹீட்டருக்கு அது உதவாது.

பழைய பெட்டி கரண்டைத் தின்னும் என்பது கடைகளில் கேட்கும் அடுத்த வாதம். பிளக்கில் செருகும் சிறு மீட்டரை வாங்கிப் பார்த்தேன். பழுது நீங்கிய பிறகு எங்கள் பெட்டி நாளுக்கு ஒரு யூனிட், அதாவது ஆண்டுக்கு 365 யூனிட் எடுக்கிறது. கடையில் பார்த்த புதிய பெட்டியின் நட்சத்திர லேபிளில் ஆண்டுக்கு 220 யூனிட் என்றிருந்தது. மிச்சம் 145 யூனிட். யூனிட் ஐந்து ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு 725 ரூபாய். 28,000 ரூபாயை இப்படி மீட்க ஏறத்தாழ 39 ஆண்டுகள் ஆகும். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டும் வீடுகளுக்குத் தமிழ்நாட்டின் கட்டணப் படிநிலை வேறு என்பதால், அவர்கள் யூனிட்டை ஒன்பது ரூபாயாகக் கொண்டாலும் 21 ஆண்டுகளுக்கு மேல் வருகிறது. இந்தக் கணக்கைப் போட எனக்கு உதவியது அரசு கட்டாயமாக்கிய அந்த லேபிள்தான் என்பதை நன்றியோடு குறிப்பிடுகிறேன். ஃப்ராஸ்ட் ஃப்ரீ பெட்டிகளுக்கு 2010 முதலே அது கட்டாயம். அதே லேபிளில் இன்னொரு வரிக்கு இடம் ஒதுக்குங்கள் என்பதே என் முதன்மையான வேண்டுகோள்: இந்த மாடலுக்கான உதிரிபாகங்கள் எந்த ஆண்டுவரை கிடைக்கும் என்ற ஒரு வரி.

தங்கள் துறை 2022 ஜூலையில் பழுதுநீக்கும் உரிமைக்கான கட்டமைப்பை வகுக்கக் குழு அமைத்தபோது, விவசாயக் கருவிகள், கைபேசிகள், வாகனங்கள் ஆகியவற்றோடு வீட்டு உபயோகச் சாதனங்களையும் சேர்த்தது. அதே ஆண்டு டிசம்பரில் அதற்கான இணையதளமும் வந்தது. ஆயினும் உதிரிபாகத்தை இத்தனை ஆண்டு வைத்திருந்தே ஆக வேண்டும் என்ற சட்டக் கட்டாயம் இன்றி, தளம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் தொலைபேசி எண்களின் தொகுப்பாகவே சுருங்கிவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல், ஒரு மாடலின் கடைசிப் பெட்டி சந்தைக்கு வந்த பிறகும் தெர்மோஸ்டாட், வெப்ப உணரி, போர்டு போன்றவை 7 ஆண்டுகளும், கதவு ரப்பர் 10 ஆண்டுகளும் கிடைக்க வேண்டும் என்பது விதி. அங்கே விற்கும் நிறுவனங்கள் பல இங்கும் விற்கின்றன.

தெருமுனை மெக்கானிக்குகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். புதிய பெட்டிகள் பலவற்றில் குளிரூட்டும் கேஸாக இருப்பது ஆர்600ஏ என்னும் ஐசோபியூட்டேன். புவி வெப்பமாதலைப் பொறுத்தவரை பழைய பெட்டிகளில் இருந்த ஆர்134ஏ கேஸைவிட மிக நல்லது, ஆனால் தீப்பற்றக்கூடியது. கேஸை முறைப்படி வெளியேற்றாமல், பற்றவைப்பதற்காகக் குழாயில் நெருப்பு வைப்பது உயிருக்கே ஆபத்து. இந்நிலையில், ஐ.டி.ஐ.யில் இரண்டாண்டு படித்துவிட்டுக் கடை வைத்திருப்பவருக்கு நிறுவனங்கள் சர்வீஸ் கையேட்டைத் தர மறுப்பது வணிக ரகசியத்தைக் காப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அவரையும் அவரை அழைக்கும் வீட்டையும் ஆபத்தில் விடுவதாகவே தோன்றுகிறது. கையேடும் உதிரிபாக விலைப்பட்டியலும் அனைவருக்கும் வெளிப்படையாகக் கிடைக்க வேண்டும். வரி தங்கள் துறையின் பொறுப்பன்று என்றாலும், புதிய பெட்டிக்கும் பழுதுபார்க்கும் சேவைக்கும் ஒரே 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. என்பதை நிதி அமைச்சகத்தின் கவனத்துக்குக் கொண்டுசெல்லக் கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் பெட்டியின் கதவு ரப்பர் இப்போது கீழ் மூலையில் கிழிந்திருக்கிறது. அந்த மாடலுக்கு ரப்பர் நின்றுவிட்டது என்று மூன்று கடைகளில் சொல்லிவிட்டார்கள். மெக்கானிக் வேறொரு மாடலின் ரப்பரை வெட்டி ஒட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை அந்த மூலையில் டேப் ஒட்டி, கதவுக்கு ஒரு நாற்காலியை முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மதுரையைச் சேர்ந்த ஒரு நுகர்வோர்