முதல் அடி ஆறு அங்குலம்

ஃபேயட்வில், ஆர்கன்சா
ஆகஸ்ட் 2025

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வாலிபால் ஆடித் தேய்த்த முழங்காலுக்கு ஒருவழியாக அறுவை சிகிச்சை முடிந்து, கைத்தடி இல்லாமல் தெருமுனை வரை நடக்கிறாய் என்று படித்ததும் நிம்மதியாயிற்று. மருத்துவர் சொன்ன பயிற்சிகளைப் பாதியில் விட்டுவிடாதே. உன் பழக்கம் எனக்குத் தெரியும். இங்கே நாங்கள் இருவரும் நலம். வெயில்தான் இந்த ஆண்டு தாங்க முடியவில்லை.

போன கடிதத்தில் பக்கத்து வீட்டுப் பெரியவரின் பேரன் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) அணியில் சேர்ந்திருக்கிறான் என்று இரண்டு வரி எழுதினேன். அதைப் பிடித்துக்கொண்டு நீ ஒரு பக்கம் முழுக்கக் கேள்வி கேட்டிருக்கிறாய். கல்விக் கட்டணத்தையும் தானே கட்டிக்கொண்டு, தினமும் அடியும் வாங்கிக்கொண்டு, ஒரு நாளாவது ஆட்டத்தில் இறக்குவார்கள் என்ற உறுதியும் இல்லாமல் ஒருவன் எதற்காக ஓர் அணியில் சேர வேண்டும் என்பதுதான் உன் கேள்விகளின் சாரம். நியாயமான கேள்விதான்.

முதலில் ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். இங்கே கல்லூரிக் கால்பந்து நாம் ஆடிய பல்கலைக்கழகப் போட்டிகளைப் போன்றதன்று. ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வாழும் இந்த ஊரின் மைதானத்தில் 76,000 பேர் அமரலாம். பெரிய கல்லூரி அணி ஒவ்வொன்றும் 85 பேருக்கு மட்டுமே விளையாட்டு உதவித்தொகை தரலாம் என்பது சென்ற ஆண்டு வரை இருந்த விதி. அந்த 85 பேரையும் பயிற்சியாளர்கள் பள்ளிப் பருவத்திலேயே ஊர் ஊராகப் போய்த் தேர்ந்தெடுத்துவிடுவார்கள். அவர்களைத் தவிர, பணம் எதுவும் பெறாமல் அணியில் சேர்ந்து, அதே பயிற்சியைச் செய்து, அதே சீருடை அணிபவர்களை வாக்-ஆன் என்பார்கள். அவர்களிலும் இரண்டு வகை உண்டு. ஒரு சாரார் கல்லூரியில் சேர்ந்த பிறகு தேர்வுப் பயிற்சிக்கு வந்து நின்று பார்ப்பவர்கள். மற்றவர்களிடம் பயிற்சியாளரே முன்கூட்டிப் பேசி, இடம் உண்டு, பணம் இல்லை என்று சொல்லியிருப்பார். நம் பையன் இரண்டாம் வகை. 2014 வரை வாக்-ஆன்களுக்கு அணியின் சாப்பாட்டுக் கூடத்தில் இலவசச் சாப்பாடு கூடக் கிடையாது. அந்த ஆண்டு ஏப்ரலில்தான், கல்லூரி விளையாட்டுக்கு விதி வகுக்கும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. அதை மாற்றியது. இவன் சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு திருத்தத்துக்காகவே அவன் பாட்டி அந்த அமைப்புக்குக் கோயில் கட்டலாம்.

பையன் மலைப்பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்தவன். இப்போது தாத்தா வீட்டு மாடியில் தங்கியிருக்கிறான். ஆறடி நான்கு அங்குல உயரம், எடை 135 கிலோவுக்குக் குறையாது. கோடையில் அப்பாவின் நிலத்தில் வைக்கோல் கட்டுகளை டிரெய்லரின் மேல் ஒற்றைக் கையால் எறிவான் என்று தாத்தா பெருமை பேசுவார். அவன் படித்த பள்ளி மிகச் சிறியது. ஆள் பற்றாக்குறையால் தாக்கும் வரிசையிலும் தடுக்கும் வரிசையிலும் அவனே நின்றான். எதிரில் நின்றவனைத் தள்ளினான், அவன் விழுந்தான், ஆட்டம் அவ்வளவுதான். எப்படித் தள்ளுவது என்று கற்றுக்கொள்ள வேண்டிய தேவை அவனுக்கு ஒரு நாளும் வரவில்லை. அளவுக்கு மீறிய பலம் ஒரு பையனுக்குச் செய்யக்கூடிய பெரிய கெடுதல் இதுதான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

பயிற்சியைப் பொதுமக்கள் பார்க்க அனுமதித்த ஒரு காலையில் பெரியவருடன் நானும் போயிருந்தேன். முன் வரிசையில் நின்று மோதும் லைன்மேன்கள் ஒருவருக்கு எதிராக ஒருவர் நிற்கும் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. நம் பையனுக்கு எதிரே நின்றவன் அவனைவிட இருபது கிலோவாவது குறைவாக இருப்பான்; ஆனால் நான்காம் ஆண்டு மாணவன். விசில் ஊதியதும் பையன் நிமிர்ந்து எழுந்து, முழு உடம்பையும் முன்னால் சாய்த்துப் பாய்ந்தான். மற்றவன் அவன் இரு கைகளையும் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு விலகிக்கொள்ள, 135 கிலோவும் முகம் குப்புறப் புல்லில் விழுந்தது. எழுந்தபோது தலைக்கவசத்தின் கம்பிகளுக்கிடையே ஒரு பிடி புல் செருகியிருந்தது. பயிற்சியாளர் விழுந்ததைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை; குனிந்து அவன் வலது காலணியைத் தொட்டு, அது எங்கே இருந்தது, எங்கே இருந்திருக்க வேண்டும் என்று தரையில் விரலால் இரண்டு கோடு கிழித்துக் காட்டினார். இரண்டுக்கும் இடையே ஒரு சாண் கூட இருக்காது.

நீ விளையாட்டுக்காரன் என்பதால் இதைக் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன். தாக்கும் வரிசையில் ஐந்து பேர்: நடுவில் சென்டர், அவனுக்கு இரு பக்கமும் கார்டுகள், கார்டுகளுக்கு வெளியே டேக்கிள்கள். பந்து இவர்கள் கைக்கு வருவதே இல்லை, சென்டர் அதைப் பின்னால் கொடுக்கும் அந்த ஒரு கணத்தைத் தவிர. பந்தை வைத்திருப்பவனுக்கு வழியும் நேரமும் உண்டாக்கித் தருவதே இவர்கள் வேலை. அந்த வேலைக்கு முதல் அடி ஆறு அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது என்று கற்பிக்கிறார்கள். காரணம் எளியது. எதிராளி ஒரு கை தூரத்தில்தான் நிற்கிறான். கண் இமைப்பதற்குள் மோதல் நடந்துவிடும். முதல் அடியை நீளமாக வைப்பவன் மோதும் நேரத்தில் இரண்டாவது காலை இன்னும் காற்றில்தான் வைத்திருப்பான். எத்தனை கிலோ தூக்குபவனானாலும் ஒற்றைக் காலில் நிற்பவனைச் சாய்ப்பது கடினமன்று. அடுத்து உயரம். எவனுடைய தோள் தாழ்வாக இருக்கிறதோ அவன் வெல்வான் என்பது இங்கே மாறாத பாடம். இடுப்பளவுக்குச் சற்று மேலே கூரை போட்ட ஓர் இரும்புச் சட்டத்துக்குள் இவர்களை மறுபடி மறுபடி ஓடவிடுகிறார்கள். நிமிர்ந்தால் தலைக்கவசம் கம்பியில் இடிக்கும். அந்த நீண்ட உடம்பை மடித்துக்கொண்டு ஓட நம் பையன் படுகிற பாட்டைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கைகளும் அப்படித்தான்: எதிராளியின் மார்புக் கவசத்துக்குள்ளேயே பிடிக்க வேண்டும், தோளுக்கு வெளியே போனால் பிடித்து இழுத்ததாகப் பத்து கெஜம் தண்டனை. கதவைத் தோளால் இடித்தே திறந்து பழகியவனிடம் தாழ்ப்பாள் எங்கே இருக்கிறது என்று தடவிப் பார்க்கச் சொல்கிறார்கள்.

இதையெல்லாம் கற்க எத்தனை காலம் ஆகும் என்று கேட்டால், இரண்டு மூன்று ஆண்டுகள் என்கிறார் பெரியவர். அதற்கு அவர் சொல்லும் சாட்சி பிராண்டன் பர்ல்ஸ்வொர்த். இந்த மாநிலத்தில் அந்தப் பெயர் தெரியாதவர் குறைவு. இங்கிருந்து கிழக்கே ஒன்றரை மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஹாரிசன் என்ற ஊர்க்காரர். சிறிய கல்லூரிகள் உதவித்தொகையுடன் அழைத்தும் போகாமல், 1994-இல் ஆர்கன்சா அணியில் வாக்-ஆனாகச் சேர்ந்தார். பருத்த உடம்பு, தடித்த கறுப்புச் சட்டமிட்ட மூக்குக் கண்ணாடி. வந்த புதிதில் அவரைப் பார்த்து யாரும் மலைத்திருக்க மாட்டார்கள். உடம்பைச் செதுக்கி, கால்களைப் பழக்கி, பின்னர் உதவித்தொகையும் பெற்று, கார்டு இடத்தில் தொடர்ந்து ஆடி, 1998-இல் நாட்டின் சிறந்த வீரர்களின் முதல் வரிசையில் இடம்பெற்றார். கடைசி ஆட்டத்துக்கு முன்பே முதுகலைப் பட்டமும் பெற்றுவிட்டார். இந்த அணியில் அதைச் செய்த முதல் ஆள் அவர்தான்.

ஆனால் பெரியவர் அவரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் 1998 நவம்பர் 14-க்குத்தான் வந்து நிற்பார். நாக்ஸ்வில்லில் டென்னசிக்கு எதிரான ஆட்டம். இரண்டு அணிகளும் அதுவரை தோற்கவில்லை. ஆர்கன்சா 24-22 என்று முன்னிலையில் இருக்கிறது, இரண்டு நிமிடத்துக்கும் குறைவாகவே மிச்சம், பந்தும் கையில். டென்னசியின் பில்லி ராட்லிஃப் தாழ்ந்து பாய்ந்து பர்ல்ஸ்வொர்த்தைப் பின்னுக்குத் தள்ளினார். பின்வாங்கிக்கொண்டிருந்த குவார்ட்டர்பேக், அதாவது சென்டரிடமிருந்து பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்துபவரான ஆர்கன்சாவின் கிளின்ட் ஸ்டோர்னர், பர்ல்ஸ்வொர்த்தின் காலில் இடறி, விழாமல் இருக்க ஊன்றிய கையிலிருந்து பந்தை விட்டுவிட்டார். அதை எடுத்தவரும் ராட்லிஃப்தான். டென்னசி 28-24 என்று வென்று, அந்தப் பருவத்தின் தேசியச் சாம்பியனாகவும் ஆனது. இத்தனை ஆண்டுகளாகியும் ஊர் ஸ்டோர்னரைத்தான் குறை சொல்கிறது. பெரியவருக்கு மட்டும் அந்தக் கார்டின் கால்தான் கண்ணில் நிற்கிறது. லைன்மேனின் வாழ்வு இதுதான் என்று நினைக்கிறேன். ஆயிரம் முறை சரியாகச் செய்ததை ஒருவரும் பார்ப்பதில்லை. நாட்டிலேயே சிறந்தவர்களுள் ஒருவர் ஓர் அடி பின்வாங்கியதை மட்டும் தொலைக்காட்சி மறுபடி மறுபடி காட்டுகிறது.

அடுத்த ஏப்ரலில், தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணி பர்ல்ஸ்வொர்த்தை மூன்றாம் சுற்றில், 63-ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. பதினொரு நாள் கழித்து, 1999 ஏப்ரல் 28 அன்று, இங்கிருந்து ஹாரிசனுக்குக் காரில் போகும் வழியில் விபத்தில் இறந்துவிட்டார். அவர் அணிந்த 77-ஆம் எண்ணை இங்கே இனி யாருக்கும் தருவதில்லை. வாக்-ஆனாகத் தொடங்கி மேலே வந்த சிறந்த வீரருக்கு 2010 முதல் ஆண்டுதோறும் தரப்படும் பரிசுக்கும் அவர் பெயர்தான். முதல் ஆண்டு அதைப் பெற்றவர் ஜார்ஜியா டெக் கல்லூரியின் சென்டர், ஷான் பெட்ஃபோர்ட்.

பையனை ஊக்குவிக்கப் பெரியவர் ஜே.ஜே. வாட் கதையையும் சொல்வார்: சென்ட்ரல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கிடைத்த உதவித்தொகையை விட்டுவிட்டு, 2008-இல் விஸ்கான்சினில் வாக்-ஆனாகச் சேர்ந்து, பின்னாளில் தொழில்முறை லீகின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை மூன்று முறை வென்றவர். உண்மைதான். ஆனால் வென்றவர்களை மட்டும் வரிசையாகச் சொல்வதில் ஒரு கள்ளத்தனம் இருக்கிறது. பெரும்பாலான வாக்-ஆன்கள் ஸ்கௌட் டீம் என்ற குழுவிலேயே நான்கு ஆண்டையும் கழிக்கிறார்கள். அடுத்த வாரம் மோதப்போகும் அணி ஆடுவதைப் போலவே ஆடிக் காட்டுவது அந்தக் குழுவின் வேலை. உதவிப் பயிற்சியாளர் ஓர் அட்டையில் வரைந்த படத்தை உயர்த்திப் பிடிப்பார். அதைப் பார்த்து அப்படியே நகர வேண்டும். எதிரே சொந்த அணியின் முதல் வரிசைத் தடுப்பாட்டக்காரர்கள் முழு வேகத்தில் வந்து மோதுவார்கள். ஒவ்வொரு வாரமும் பிறர் பாணியை ஆடும் பையனுக்கு சொந்த அணியின் பாணி எப்போது படியும் என்பது எனக்கு விளங்கவில்லை. மோதல் படியும் என்கிறார் பெரியவர்.

உன் கேள்விக்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. பணமும் புகழும் இல்லாத இந்த ஏற்பாடு இவனைப் போன்றவர்களுக்குக் கொடுத்த ஒரே பொருள் காலம். முதல் ஆண்டை ஆடாமலே கழித்து, ஐந்து ஆண்டில் நான்கு பருவம் ஆடலாம் என்ற விதி இருக்கிறது. உதவித்தொகைக் கணக்கில் வராதவன் என்பதால் அணிக்கும் அவனால் நட்டமில்லை, வளரட்டும் என்று விட்டுவைப்பார்கள். எனக்குக் கவலை தருவதும் இதுவே. இந்த ஜூன் 6 அன்று ஒரு பெரிய வழக்கின் சமரசத்தை நீதிமன்றம் ஏற்றது. கல்லூரிகள் இனி வீரர்களுக்கு நேரடியாகவே பணம் கொடுக்கலாம். 85 என்ற உதவித்தொகை வரம்பும் போய்விட்டது. அதற்குப் பதிலாக, அந்த ஏற்பாட்டை ஏற்ற கல்லூரிகளின் அணியில் மொத்தமே 105 பேர்தான் இருக்கலாம். முன்பு 120 பேருக்கு மேலும் வைத்திருந்த அணிகள் உண்டு. ஏற்கெனவே அணியில் இருந்தவர்களுக்கு விலக்கு அளிக்க வழி செய்திருக்கிறார்கள். புதிதாக வரும் நம் பையனைப் போன்றவர்கள் 105-க்குள் எண்ணப்படுவார்கள். வேடிக்கை என்னவென்றால், 1973-இல் முதன்முதலாக உதவித்தொகைக்கு வரம்பு வைத்தபோது அந்த எண்ணே 105 தான்; அன்று பணம் பெறுபவர்களின் கணக்கு, இன்று மொத்த அணியின் கணக்கு.

வீரர்களுக்குப் பணம் கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை; இத்தனை கோடி சம்பாதிக்கும் ஆட்டத்தில் ஆடுபவனுக்குப் பங்கு வேண்டும். ஆனால் இடம் குறைந்தால் ஒவ்வோர் இடத்துக்கும் விலை ஏறும். வேறு கல்லூரியில் மூன்று ஆண்டு பழகி முதிர்ந்த லைன்மேனை மாற்றல் வழியாக அடுத்த மாதமே கொண்டுவர முடியும் என்னும்போது, காலடியையே இன்னும் கற்காத பதினெட்டு வயதுப் பையனுக்காக எந்தப் பயிற்சியாளர் மூன்று ஆண்டு காத்திருப்பார்? பர்ல்ஸ்வொர்த் இன்று வந்திருந்தால் அவருக்கு அந்தக் காலம் கிடைத்திருக்குமா என்று பெரியவரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் பேச்சை மழைக்கு மாற்றிவிட்டார்.

பையனுக்கு இந்தக் கவலை ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை. சிறிய கல்லூரி ஒன்று பாதிக் கட்டணம் தருவதாகச் சொல்லியும் ஏன் போகவில்லை என்று ஒரு நாள் கேட்டுப் பார்த்தேன். அங்கே போனாலும் எல்லாரும் என் தள்ளுக்கு விழுந்துகொண்டேதான் இருப்பார்கள் என்றான். அவன் படிப்பு கோழி வளர்ப்பு அறிவியல். இந்த வட்டாரத்தில் அதற்கு வேலை உறுதி என்பதால் அவன் அம்மாவுக்கு அந்த அளவில் நிம்மதி.

பருவம் இம்மாத இறுதியில் உள்ளூரிலேயே தொடங்குகிறது. அவனை ஆட்டத்தில் இறக்க மாட்டார்கள். ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியில் சீருடையுடன் நிற்பதைப் பார்க்கத் தாத்தாவும் பாட்டியும் டிக்கெட் வாங்கிவிட்டார்கள், எனக்கும் ஒன்று சேர்த்து. டிசம்பருக்குள் அவனை 105-க்குள் வைத்திருக்கிறார்களா என்று தெரிந்துவிடும், எழுதுகிறேன். உன் பிசியோதெரபிக்காரர் எத்தனை மாதம் சொல்லியிருக்கிறார் என்று நீ எழுதவில்லை. அதையும், பேத்தி எந்தப் பள்ளியில் சேர்ந்தாள் என்பதையும் அடுத்த கடிதத்தில் எழுது. வீட்டில் அனைவருக்கும் எங்கள் இருவரின் அன்பைச் சொல்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்