வண்டியிலேயே தூங்குகிறவர்களுக்கு ஓர் இடம் வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் கேரவன் சுற்றுலா பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஏ.சி., கட்டில், குளியலறை வைத்த வண்டிகளின் படங்கள் அழகாக இருந்தன. ஆனால் கேரவன் பயணம் என்றாலே நாள் வாடகை ஆயிரக்கணக்கில் கொடுக்கிறவர்களுடையது என்று வாசகர்கள் நினைத்துவிடக் கூடாது. நானும் என் வீட்டுக்காரரும் ஒரு பழைய ஆம்னி வேனில் ஊர் சுற்றுகிறோம். எங்களைப் போன்றவர்களுக்கு என்ன தேவை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அவர் அரசுப் பேருந்தில் 29 வருடம் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் ஒரத்தநாட்டில் தையல் கடை வைத்திருக்கிறேன். மகள் கல்யாணம் முடிந்த பிறகு ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "ஊரையே ஏத்தி இறக்கினேன், உன்னை எங்கேயும் கூட்டிட்டுப் போகலையே" என்றார். அடுத்த மாதமே 2016 மாடல் ஆம்னி ஒன்றை வாங்கிவிட்டோம். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருப்பதால் வண்டியில் ஒரு துளைகூடப் போடவில்லை. பின் சீட்டை மடக்கி, மேலே மூன்று பலகைகளை அடுக்கி, இலவம்பஞ்சு மெத்தையை விரித்தால் இரண்டு பேர் படுக்கலாம். காலையில் பலகைகளை எடுத்து ஓரமாகச் சாய்த்துவிட்டால் பழையபடி வேன்.

ஜன்னல் வேலை என்னுடையது. ரவிக்கைக்கு எடுப்பது போலவே பழைய செய்தித்தாளில் ஒவ்வொரு ஜன்னலுக்கும் அளவு வெட்டி எடுத்தேன். உள்பக்கம் கொசுவலை, அதற்கு மேல் கறுப்புக் குடைத்துணி, சுற்றிலும் வெல்க்ரோ. இரவில் துணியை மட்டும் பிரித்துவிட்டுக் கண்ணாடியை நாலு விரல் திறந்து வைத்தால் காற்று வரும், கொசு வராது. பாத்திரம் வாங்கியதையெல்லாம் சேர்த்து மொத்தச் செலவு 7,000 ரூபாய்க்குள் முடிந்தது.

போன பயணத்தில் சத்தியமங்கலம், மைசூரு, பேலூர், ஹளேபீடு, சித்ரதுர்கா வழியாக ஹம்பி வரை போய், பெங்களூரு, சேலம் வழியே திரும்பினோம். பதினோரு இரவு, 1,760 கிலோமீட்டர். பெட்ரோலுக்கு 12,000 ரூபாய்க்குக் கொஞ்சம் கூட. சாப்பாட்டுக்கு 2,900. வீட்டிலிருந்தே அரிசி, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் எல்லாம் எடுத்துப் போனோம். ஐந்து கிலோ சிலிண்டரை வண்டிக்கு வெளியே வைத்துத்தான் சமைப்போம். சுங்கச்சாவடிக்கு, 2025 ஆகஸ்ட் 15 அன்று 3,000 ரூபாய்க்கு அறிமுகமான வருடப் பாஸ் கைகொடுக்கிறது. சொந்த உபயோக வண்டியாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளில் ஒரு வருடம் அல்லது 200 முறை கடக்கலாம். தங்குவதற்கு மட்டும் நாங்கள் ஒரு பைசா செலவழிக்கவில்லை. அந்தச் செலவைக் கொடுக்கத் தயாராக இருந்தும் வாங்கிக்கொள்ள ஆளில்லை என்பதுதான் என் குறை.

சத்தியமங்கலத்திலிருந்து மைசூரு போகும் திம்பம் மலைப்பாதையில் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை வெளியூர் வண்டிகளை விடுவதில்லை. பந்திப்பூர் காட்டிலும் அப்படித்தான். யானையும் மானும் அடிபடாமல் இருக்க வேண்டும், அந்தத் தடை நல்லது, எனக்கு அதில் மாற்றுக் கருத்தே இல்லை. நாங்கள் இருட்டிய பிறகுதான் மலை அடிவாரத்தில் இருக்கும் பண்ணாரிக்கு வந்து சேர்ந்தோம். அங்கே அம்மன் கோயில் இருப்பதால் வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் இருந்தது, பயமில்லாமல் தூங்கினோம். கோயில் இல்லாத இடமாக இருந்தால்? இரவில் வண்டியை நிறுத்தச் சொல்கிற அரசாங்கம், நிறுத்திய இடத்தில் ஒரு கழிப்பறையும் ஒரு விளக்கும் வைக்க வேண்டாமா?

எல்லா இரவும் பண்ணாரி மாதிரி அமையவில்லை. ஓர் ஊரில் பைபாஸ் ஓரம் நிறுத்தியிருந்தோம். இரவு 2 மணிக்குக் கண்ணாடியைத் தட்டினார்கள். டார்ச் வெளிச்சத்தை என் முகத்தில் அடித்து, அவரிடம், "இந்தம்மா உங்களுக்கு யாரு?" என்று கேட்டார் ஒரு காவலர். எனக்கு 56 வயது. ஆதார் அட்டையை எடுத்துக் காட்டினேன். பார்த்துவிட்டு, "சரி, இங்க நிக்கக் கூடாது, கிளம்புங்க" என்றார். அவர் கடமையை அவர் செய்தார் என்றே வைத்துக்கொள்கிறேன். ஆனால் எங்கே போவது என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. அரைத் தூக்கத்தில் 38 கிலோமீட்டர் ஓட்டினார் என் வீட்டுக்காரர். இரவு இரண்டிலிருந்து விடியற்காலை ஐந்து வரைதான் ஓட்டுநருக்குக் கண் சொருகும் நேரம் என்று சர்வீஸில் இருந்தபோது அடிக்கடி சொல்வார். அன்று முழுக்க நான் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தேன். தூங்குகிற ஓட்டுநரை எழுப்பிச் சாலையில் விடுவதைவிட ஆபத்தான காரியம் வேறென்ன இருக்கிறது?

அப்புறம், பெண்களின் பாடு. பெட்ரோல் பங்க்குகளில் கழிப்பறை கட்டாயம் இருக்க வேண்டும். இருக்கிறது, இரவு பத்து மணிக்கு மேல் பூட்டியிருக்கிறது. சாவி மேனேஜரிடம், மேனேஜர் வீட்டில். நான் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டேன். ஏழாம் நாள் நீர்க்கடுப்பு வந்து, ஹொசப்பேட்டையில் டாக்டருக்கும் மருந்துக்குமாக 640 ரூபாய் ஆனது. ஹம்பியில் விட்டலர் கோயில் கல்தேரைப் பார்க்கப் போன அன்று பாதி நேரம் படியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் சித்ரதுர்கா பக்கம் ஒரு பங்க்கில் நடந்ததையும் சொல்ல வேண்டும். நாமக்கல் லாரிகள் இரண்டு நின்றிருந்தன. அதில் ஒன்றின் ஓட்டுநர் எங்கள் நம்பர் பிளேட்டைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். "அக்கா, வண்டிய எங்க ரெண்டு லாரிக்கும் நடுவுல போடச் சொல்லுங்க, ஒருத்தனும் கிட்ட வர மாட்டான்" என்றார். அன்றைக்கு அவர்கள் வைத்த கத்தரிக்காய்க் குழம்பை எங்களுக்கும் ஊற்றினார்கள். பதினோரு இரவில் நான் கவலையில்லாமல் தூங்கியது பண்ணாரியிலும் அங்கேயும்தான். லாரிக்காரர்களும் இதே கஷ்டத்தைத்தான் வருடம் முழுக்கப் படுகிறார்கள்.

கேரளத்தில் 2021-லேயே கேரவன் கொள்கை போட்டு, வாகமண்ணில் பூங்காவும் திறந்தார்கள். நல்ல விஷயம்தான், ஆனால் அது வசதியுள்ளவர்களுக்கு. அதே மாநிலம் சபரிமலை சீசனில் இடத்தாவளம் என்று ஊருக்கு ஊர் திறக்கிறதே, வண்டியை நிறுத்தலாம், குளிக்கலாம், சமைக்கலாம், அது எனக்குப் பிடித்த ஏற்பாடு. மாலை போட்டு வேனில் போய் வந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மண்டல காலத்துக்கு முடிகிற ஏற்பாடு மற்ற மாதங்களுக்கும் முடியாதா? எங்கள் ஊரிலேயே சரபோஜி மன்னர் கட்டிய முக்தாம்பாள் சத்திரம் இருக்கிறது. ராமேஸ்வரம் போகிற யாத்ரீகர்கள் தங்குவதற்காக இருநூறு வருடத்துக்கு முன்னால் கட்டியது. அதன் வாசலைத் தாண்டித்தான் நான் தினமும் கடைக்குப் போகிறேன்.

புதிதாக எதையும் கட்டச் சொல்லவில்லை. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துக்கு ராமேஸ்வரம், கன்னியாகுமரி, ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு என்று ஹோட்டல் தமிழ்நாடு இருக்கிறது. அந்த வளாகங்களில் நாலைந்து வண்டி நிற்கிற அளவு இடத்தைக் கோடு போட்டு ஒதுக்கட்டும். ஓர் இரவுக்கு 200 ரூபாய் வாங்கிக்கொண்டு கழிப்பறை, குளியலறை, ஒரு மின்சார பிளக் கொடுக்கட்டும். பிளக் எதற்கு என்று கேட்கலாம். 2024 டிசம்பரில் கேரளத்தில் வடகரை அருகே சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஏ.சி.க்காக ஓடிய ஜெனரேட்டரிலிருந்து கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததுதான் காரணம். வெளியிலிருந்து மின்சாரம் கிடைத்திருந்தால் ஜெனரேட்டர் ஓடியிருக்காது. எங்களுக்கு ஒரு சின்ன ஃபேனும் செல்போன் சார்ஜும் போதும், ஆனால் அந்த இரண்டு பேரை என்னால் மறக்க முடியவில்லை.

பெட்ரோல் பங்க் கழிப்பறைச் சாவி இரவுப் பணியாளர் கையில் இருக்க வேண்டும் என்று எண்ணெய் நிறுவனங்கள் ஓர் உத்தரவு போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். அதற்கு ஒரு ரூபாய் செலவில்லை.

தை பிறந்ததும் தனுஷ்கோடிப் பக்கம் போக இருக்கிறோம். ராமேஸ்வரம் ஹோட்டல் தமிழ்நாடு வளாகத்தில் இரண்டு இரவு வேனை நிறுத்தி உள்ளேயே தூங்க அனுமதி கேட்டு, கட்டணம் எவ்வளவானாலும் கட்டுகிறேன் என்று எழுதி, பதிவுத் தபாலில் மனு அனுப்பியிருக்கிறேன். பதில் வந்ததும் உங்களுக்கும் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஒரத்தநாடு.