மாப்பிள்ளையிடம் கேள், கண்ணு

அன்புள்ள கண்ணுவுக்கு,

வாய்க்காலில் தண்ணீர் விட்டுவிட்டார்கள். அப்பா மஞ்சள் காட்டிலேயே கிடக்கிறார். மற்றபடி எல்லோரும் சௌக்கியம்.

கரு கலைந்ததைக் கேள்விப்பட்டுப் பெரியம்மா வந்து, "எனக்கும் ரெண்டு போச்சு, அதுக்கப்புறம் மூணு பெத்துக்கலையா?" என்றதும் நீ அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாயாம். சாத்தினது சரிதான். தன் கதையைச் சொன்னால் அதுவே ஆறுதல் என்று ஊரே நினைக்கிறது.

ஆனால் மாப்பிள்ளையைப் பற்றி நீ சொன்னது எனக்குச் சரியாகப் படவில்லை. "ஒண்ணுமே நடக்காத மாதிரி ஆபீஸ் போறாரு" என்றாய். அழுதால்தான் வருத்தமா? அன்றைக்கு ஆஸ்பத்திரியில் பில் கட்டிவிட்டு வந்தவர், வராண்டாவில் நின்று சட்டைப் பொத்தானைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார். ஒரே பொத்தானை. பக்கத்தில் நான் நின்றதுகூட அவருக்குத் தெரியவில்லை.

அறிவியல் டீச்சர் புத்தி போகுமா, படித்ததைச் சொல்கிறேன். 2004-இல் லண்டனில் டானியா சிங்கர் என்கிற மூளை ஆராய்ச்சியாளரின் குழுவினர் 16 பெண்களை ஸ்கேனில் படுக்க வைத்து, பக்கத்தில் இருந்த துணைவரின் கையில் மின் அதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார்கள். வலியில் மனம் பதறும்போது வேலை செய்கிற மூளைப் பகுதிகள் அந்தப் பெண்களுக்கும் வேலை செய்தன. கையில் எங்கே சுரீரென்கிறது என்று உணர்கிற பகுதி மட்டும் சும்மா இருந்தது. உன் வயிற்று நோவு அவருக்கு வராது சாமி. பதற்றம் வரும்.

"அவர் மனசு எனக்குத் தெரியாதா?" என்பாய். 2018-இல் வந்த ஆய்வில் 25 சோதனைகள் செய்து பார்த்தார்கள். அடுத்தவர் இடத்தில் தன்னை வைத்து யோசித்தவர்களின் ஊகம் அதனால் ஒன்றும் கூடுதலாகச் சரியாகிவிடவில்லை. வாய்விட்டுக் கேட்டால்தான் சரியாக வந்தது. பக்கத்து வீட்டில் யாருக்கு என்ன என்றாலும் முதலில் ஓடுகிறவள் நீ, எனக்கு அதில் பெருமைதான். வீட்டுக்குள் இருக்கிற மனுசனை மட்டும் கேட்க மாட்டாயாக்கும்.

கேள். "ஏன் அழல?" என்று கேட்காதே, அது சண்டைக்குத்தான் போகும். "உங்களுக்கு எப்படிங்க இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இரு. அவர் சொல்வதையெல்லாம் நீ ஒத்துக்கொள்ள வேண்டும் என்றும் இல்லை.

சித்தப்பா வியாழக்கிழமை பெங்களூர் வருகிறார். உளுந்து மாவும் கருப்பட்டியும் கொடுத்தனுப்புகிறேன். களி கிண்டி, நல்லெண்ணெய் தாராளமாக விட்டுச் சாப்பிடு. அப்புறம் ஒரு போன் போடு. அவர் என்ன சொன்னார் என்று எனக்குச் சொல்ல வேண்டாம். கேட்டேன் என்று மட்டும் சொல்.

அம்மா