கதை 2011-இல் தொடங்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஐரோப்பாவின் எரிவாயு நெருக்கடி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தகவல்கள் சரி. ஆனால் ரஷ்யாவை மனத்தில் வைத்து 'எதிரியிடம் அடுப்புக்கு எரிபொருள் வாங்கியதே முட்டாள்தனம்' என்று கட்டுரையாளர் முடித்திருப்பதை ஏற்க முடியவில்லை. ரஷ்யாவிலிருந்து கடலுக்கடியில் ஜெர்மனிக்கு வரும் நார்ட் ஸ்ட்ரீம் எரிவாயுக் குழாய் திறக்கப்பட்ட 2011-இல் கதையைத் தொடங்கினால் அப்படித்தான் தோன்றும். கதை அதற்கு 43 வருடம் முன்பே தொடங்கிவிட்டது.

குழாய் வெல்டிங்கில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அதனால் எனக்கு இது முதலில் குழாயின் கதை, அப்புறம்தான் எரிவாயுவின் கதை.

சோவியத் ஒன்றியத்திடம் எண்ணெயும் எரிவாயுவும் நிறைய இருந்தன. பெரிய விட்டமுள்ள எஃகுக் குழாய்தான் போதவில்லை. அதை மேற்கு ஜெர்மனியின் ரூர் பகுதி ஆலைகள் நன்றாகச் செய்தன. 1962-இல் மூன்று ஜெர்மன் நிறுவனங்கள் 1,63,000 டன் குழாய் விற்க ஒப்பந்தம் போட்டன. அமெரிக்கா நெருக்க, நேட்டோ ராணுவக் கூட்டணி தடை சொல்ல, மேற்கு ஜெர்மனியின் பிரதமர் அடினாவரின் அரசு கையெழுத்தான ஒப்பந்தத்தையே ரத்து செய்தது. ரஷ்யர்கள் செல்யாபின்ஸ்க் ஆலையில் தாங்களே குழாய் செய்தார்கள். அங்கே உருவான ஒரு குழாயின் மேல் தொழிலாளர்கள் சுண்ணாம்புக் கட்டியால் 'அடினாவர், உனக்குக் குழாய்' என்று எழுதினார்களாம். ரஷ்ய மொழியில் அதற்கு 'உன் கதை முடிந்தது' என்றும் பொருள். எந்தக் குழாய்களுக்காகத் தடை வந்ததோ அந்த துருஷ்பா எண்ணெய்க் குழாய் 1964-இல் ஓட ஆரம்பித்துவிட்டது. 1966-இல் தடையும் போய்விட்டது.

சோவியத் எரிவாயுவை வாங்க மேற்கில் முதலில் துணிந்தது ஆஸ்திரியா. 1968 ஜூன் 1-ஆம் தேதி ஒப்பந்தம். செப்டம்பர் 1-ஆம் தேதி செக்கோஸ்லோவாக்கியா வழியாக பாம்கார்ட்டன் என்ற எல்லை ஊருக்கு எரிவாயு வந்து சேர்ந்தது. இடையில் என்ன நடந்தது என்று பாருங்கள்: ஆகஸ்ட் 20 இரவு சோவியத் டாங்கிகள் அதே செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் நுழைந்தன. மேலே டாங்கி, கீழே குழாய். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, குறித்த நாளில் எரிவாயு வந்தது. முதல் வருடங்களில் வந்தது சைபீரிய எரிவாயுவும் அல்ல. உக்ரைன் மண்ணிலிருந்து எடுத்தது அது. இதை இன்று யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை.

அடுத்து மேற்கு ஜெர்மனி. 1970 பிப்ரவரி 1-ஆம் தேதி எஸ்ஸன் நகரில் ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. மானஸ்மான் என்ற ஜெர்மன் நிறுவனம் குழாய் கொடுக்கும், டாய்ச்ச வங்கி தலைமையில் வங்கிகள் 120 கோடி மார்க் கடன் கொடுக்கும், ரஷ்யர்கள் ரூர்காஸ் நிறுவனத்துக்கு இருபது வருடம் எரிவாயு அனுப்பிக் கடனை அடைப்பார்கள். நெல்லுக்கு உப்பு மாற்றிய உமணர் கணக்குதான், அளவு மட்டும் பெரிது. 1973 அக்டோபர் 1-ஆம் தேதி எரிவாயு வந்தது. அந்த மாதமே அரபு நாடுகள் எண்ணெயை ஆயுதமாகக் கையில் எடுத்தன.

கப்பலில் போகும் எண்ணெயை நடுக்கடலில் வேறு ஊருக்குத் திருப்பிவிடலாம். மண்ணில் புதைத்த குழாயை அப்படித் திருப்ப முடியாது. வாங்குபவன் மாட்டிக்கொண்ட அளவுக்கு விற்பவனும் மாட்டிக்கொண்டான். மாஸ்கோவுக்கு டாலரும் மார்க்கும் வேண்டும், அடுத்த குழாயும் வேண்டும். ஆப்கானிஸ்தான் படையெடுப்பு வந்தது, ஐரோப்பாவில் ஏவுகணைத் தகராறு வந்தது. அரசியல் காரணத்துக்காக மேற்கு ஜெர்மனிக்கு மாஸ்கோ எரிவாயுவை நிறுத்தவில்லை. கடுங்குளிரில் தங்களுக்கே போதாமல் அளவைக் குறைத்தது உண்டு. அது வேறு விஷயம்.

பெரிய சண்டை 1982-இல் வந்தது. சுவாரசியம் என்னவென்றால், அது அமெரிக்காவுக்கும் அதன் சொந்த நண்பர்களுக்கும் இடையில் நடந்தது. சண்டைக்குக் காரணம் ஒரு புதிய எரிவாயுக் குழாய்: சைபீரியாவின் உரெங்கோயிலிருந்து உக்ரைனின் மேற்கு எல்லை வரை 4,451 கிலோமீட்டர், 1,420 மில்லிமீட்டர் விட்டம். உள்ளே ஒரு சிறுவன் குனியாமல் நடக்கலாம். இவ்வளவு தூரம் அழுத்தம் குறையாமல் தள்ள, வழியெல்லாம் கம்ப்ரசர் நிலையங்கள் வேண்டும். அவற்றின் டர்பைன்கள் அமெரிக்க ஜெனரல் எலக்ட்ரிக்கின் தொழில்நுட்பத்தில் ஐரோப்பிய ஆலைகள் செய்தவை. போலந்தில் 1981 டிசம்பரில் ராணுவச் சட்டம் வந்ததும் அமெரிக்க அதிபர் ரீகன் இந்தக் கருவிகளை விற்கத் தடை போட்டார். 1982 ஜூனில் அமெரிக்க உரிமம் வைத்திருக்கும் ஐரோப்பிய நிறுவனங்களுக்கும் அதை நீட்டினார். ரீகனின் உற்ற தோழியான பிரிட்டிஷ் பிரதமர் தாட்சரே ஒப்பந்தத்தை நிறைவேற்றச் சொல்லி பிரிட்டிஷ் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டார். பிரெஞ்சு அரசு, அமெரிக்க நிறுவனம் ஒன்றின் பிரெஞ்சுக் கிளையைக் கட்டாயப்படுத்திக் கம்ப்ரசர்களைக் கப்பலேற்ற வைத்தது. ஐரோப்பியர்களின் கேள்வி நியாயமானது: ரஷ்யாவுக்குத் தானியம் விற்க இருந்த தடையை 1981-இல் நீக்கியவர் இதே ரீகன். உன் விவசாயி விற்றால் வியாபாரம், எங்கள் தொழிலாளி விற்றால் துரோகமா? நவம்பர் 13-ஆம் தேதி ரீகன் தடையை விலக்கிக்கொண்டார்.

ஆனாலும் ரீகனின் கூச்சல் முழுக்க வீண் போகவில்லை. ரஷ்யப் பங்கு 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று மேற்கு ஜெர்மனி வரம்பு வைத்திருந்தது. மாற்று வழி தேடிய ஐரோப்பிய நிறுவனங்கள் 1986-இல் நார்வேயின் டிரோல் கடல் வயலிலிருந்து வாங்க ஒப்பந்தம் போட்டன. அதன் எரிவாயு 1996-இல் வரத் தொடங்கியது. எதிரியிடம் வாங்கு, ஆனால் இரண்டாவது கடையையும் திறந்து வை. இதில் முட்டாள்தனம் எங்கே இருக்கிறது?

முட்டாள்தனம் பின்னால் நடந்தது, எதிரி என்ற நினைப்பே போன பிறகு. சோவியத் உடைந்ததும் குழாயின் நடுவில் உக்ரைன் தனி நாடாக நின்றது. 2006-இலும் 2009-இலும் ரஷ்யாவுக்கும் உக்ரைனுக்கும் விலை, கடன், வழிக்கட்டணத் தகராறு. 2009 ஜனவரியில் இரண்டு வாரம் உக்ரைன் வழியே எதுவும் வரவில்லை, பல்கேரியாவும் ஸ்லோவாக்கியாவும் குளிரில் தவித்தன. அதற்குப் பிறகும் ஜெர்மனி விற்பவரை மாற்றவில்லை, வழியை மட்டும் மாற்றிக் கடலுக்கடியில் குழாய் போட்டது. 2015-இல் நாட்டின் மிகப்பெரிய சேமிப்புக் கிடங்கான ரேடனும் ரஷ்ய அரசு எரிவாயு நிறுவனமான காஸ்ப்ரோம் கைக்குப் போனது. 2021-இல் குளிர்காலத்துக்கு முன் அந்தக் கிடங்கு கிட்டத்தட்டக் காலி. திரவ எரிவாயுக் கப்பல் வந்து நிற்க ஜெர்மனியில் ஒரு முனையம்கூட இல்லை. முதல் முனையம் 2022 டிசம்பரில்தான் வந்தது, அதுவும் அவசர அவசரமாக. வீட்டுச் சாவியைக் கடைக்காரனிடமே கொடுத்துவிட்டு அவன் மேல் குறை சொல்லி என்ன பயன்?

இதில் நமக்கென்ன என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் அரசு எரிவாயு நிறுவனமான கெயில் 2012-இல் காஸ்ப்ரோமின் சிங்கப்பூர் கிளையுடன் இருபது வருட ஒப்பந்தம் போட்டிருந்தது. அந்தக் கிளைக்கு மேலே இருந்த ஜெர்மன் நிறுவனத்தை 2022-இல் ஜெர்மன் அரசு தன் பொறுப்பில் எடுத்தது. கெயிலுக்கு வரவேண்டிய கப்பல்கள் பல வராமல் போயின.

கட்டுரை சொல்லாமல் விட்ட இன்னொன்று: 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்த பிறகும் உக்ரைன் வழியாக ரஷ்ய எரிவாயு ஓடியது. ஒரு பக்கம் ஏவுகணை, மறுபக்கம் வழிக்கட்டணம். 2024 ஆகஸ்டில் உக்ரைன் படை உக்ரைனுக்குள் போகும் எரிவாயுவை அளக்கும் நிலையம் இருக்கும் சுட்ஜா என்ற ரஷ்ய ஊருக்குள் புகுந்த பின்னரும் ஓட்டம் நிற்கவில்லை. ஒப்பந்தம் முடிந்து 2025 ஜனவரி 1-ஆம் தேதிதான் நின்றது.

கடைசியாக, கட்டுரையோடு வந்த வரைபடம். ரஷ்யக் குழாய்களை மட்டும் சிவப்பில் போட்டிருக்கிறீர்கள். டிரோல் வயலும் அங்கிருந்து வரும் குழாய்களும் அதில் இல்லை. 2022-இல் ரஷ்யாவின் இடத்தைப் பிடித்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அதிக எரிவாயு கொடுத்த நாடு நார்வே. அடுத்த முறை அதையும் சேர்த்துப் போடுங்கள்.

தங்கள் நீண்டநாள் வாசகர்,
திருச்சி.