பிழை விடுபவர்கள் சோம்பேறிகளா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் மொழிப் பக்கத்தில், "ஒலிப்பது போலவே எழுதுவது தமிழ். காது கொடுத்துக் கேட்டால் பிழை வராது. பிழை விடுபவர்கள் சோம்பேறிகள்" என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அப்பா கண்ணில் படாமல் அந்த இதழை அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

அவர் 36 வருடம் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவர். இரண்டு வருடத்துக்கு முன்பு பக்கவாதம் வந்து மூளையின் இடப்பக்கம் பாதித்தது. பேச்சு திரும்பியது, வலது கையும் தேறியது. இப்போது 'படம்', 'பாட்டு' என்றால் சரியாக எழுதுகிறார். 'கறை' என்றால் 'கரை', 'அறம்' என்றால் 'அரம்'. எழுதிவிட்டு, எங்கோ தப்பு என்று தெரிந்து, அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருப்பார். அவர் காதில் ஒரு குறையும் இல்லை.

தாங்கள் அறியாததல்ல. ர, ற இரண்டும் இன்று நம்மில் பெரும்பாலோர் வாயில் ஒன்றுதான். ந, ன-வும் அப்படியே. காதுக்கு எட்டாத வேறுபாட்டைக் கை எங்கிருந்து எடுக்கும்? கேட்ட ஒலியை எழுத்தெழுத்தாக மாற்ற மூளையில் ஒரு வழி, பார்த்துப் பழகிய சொல்லின் உருவத்தை நினைவிலிருந்து எடுக்க இன்னொரு வழி. இரண்டாவது வழி பழுதாகி, ஒலியை மட்டும் நம்பி எழுதிய நோயாளியைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 1981-லேயே விவரித்துவிட்டார்கள். முதல் வழி பழுதாகி, தெரிந்த சொல்லை எழுதி, பொருளில்லாத ஒலிக்கோவையை எழுத முடியாமல் திணறியவரைப் பற்றி பிரிட்டன் நரம்பு உளவியலாளர் டிம் ஷாலிஸ் எழுதியதும் அதே ஆண்டுதான்.

மருத்துவமனையில் அப்பாவுக்கு எழுதக் கொடுத்தது ஆங்கிலச் சொற்பட்டியல்! வாழ்நாள் முழுக்கத் தமிழில் உழைத்தவருக்கு. என் மகன் ஐந்தாம் வகுப்பில் 'பறவை'யைப் 'பரவை' என்று எழுதியதற்கு நூறு முறை இம்போசிஷன். எழுதி எழுதி, அறுபதாவது வரியில் மறுபடி 'பரவை'. அதற்கும் அடி. கற்றல் குறைபாட்டை 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டமே ஏற்றுக்கொண்டபின் நடந்தது இது. அன்று அந்த ஆசிரியை சொன்னதும் இதே 'சோம்பேறி'தான்.

அந்த ஒரு சொல்லைத் திரும்பப் பெற்று, அதே பக்கத்தில் இரண்டு வரி போடுங்கள், போதும். போன வார இதழ் எங்கே என்று அப்பா தினமும் கேட்கிறார். இன்னும் வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
கும்பகோணம்.