ஆர்கன் வாசிப்பவரைத் தேர்வு செய்யும் நாளில் பாடகர் குழுவையும் அழையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்னைத் திருச்சபைகள் பலவற்றில் ஆர்கன் வாசிப்பவர்தான் பாடகர் குழுவையும் நடத்துகிறார். எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க் ஆலயத்தில் ஆர்கன் வாசித்ததோடு, 1893இல் தொடங்கிய மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷனின் பாடகர் குழுவையும் நடத்திய ஹேண்டல் மானுவேல் இதற்கு நல்ல முன்மாதிரி. ஆனால் ஆளெடுக்கும்போது கமிட்டிகள் கேட்பது இசைத் தேர்வில் எத்தனையாவது கிரேடு என்பதைத்தான். இரண்டு பாட்டு வாசித்துக் காட்டினால் தேர்வு முடிந்தது. வாசிப்பது ஒரு தொழில், நடத்துவது இன்னொரு தொழில். லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்கனிஸ்ட்ஸ் இரண்டுக்கும் தனித்தனி டிப்ளமோ வழங்கி வந்திருக்கிறது.

ஆர்கன் முன் உட்கார்ந்தவருக்கு இரண்டு கையும் இரண்டு காலும் வேலையில் இருக்கும். பல ஆலயங்களில் குழுவின் முகம் கண்ணாடி வழியாகத்தான் தெரியும். குழு 20 மீட்டர் தள்ளி நின்றால், பாட்டு அவர் காதுக்கு வர ஏறக்குறைய 0.06 விநாடி ஆகிறது. அதைக் கேட்டுக் கேட்டு வாசித்தால் அவர் குழுவுக்காகவும் குழு அவருக்காகவும் காத்திருந்து, நான்காம் சரணத்துக்குள் பாட்டு தொய்ந்துவிடும். காதை விட்டுத் தாளத்தைப் பிடித்துப் போகப் பழகியிருக்க வேண்டும். சபையார் இழுத்துப் பாடும்போது அனுபவமில்லாதவர் ஓசையைக் கூட்டுவார், இழுவைதான் அதிகமாகும். ஆர்கனின் ஓசை வகையைத் தேர்ந்தெடுக்கும் ஸ்டாப்புகளில், கீழ்ச் சுருதியில் ஒலிக்கும் 16 அடி ஸ்டாப்புகளைக் குறைத்து, மேல் சுருதியில் ஒலிக்கும் 4 அடி, 2 அடி ஸ்டாப்புகளால் தெளிவு கூட்டி, ஒரே சுரம் அடுத்தடுத்து வரும் இடத்தில் விரலை எடுத்து எடுத்து வாசிப்பதே மருந்து. பாட்டின் ஒவ்வொரு வரி முடிவிலும் கையைத் தூக்கினால் சபையார் தாமாகவே மூச்சு வாங்கிக்கொள்வார்கள்.

தமிழ் ஆராதனையில் இன்னொரு பாதியும் இருக்கிறது. மேற்கத்திய மெட்டில் பாடும் பாமாலைக்கு நான்கு குரல் ஹார்மனி சரி. கீர்த்தனையில் அசைந்து வரும் சுரத்துக்கு அடியில் நொடிக்கொரு கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) மாற்றினால் ராகத்தின் சாயலே போய்விடும். காலால் அழுத்தும் பெடலில் ஸ-ப பிடித்துக்கொண்டு, மேலே பாட்டை மட்டும் தொடர்ந்தால் போதும். மிஸ்ர சாப்புக் கீர்த்தனைக்கு மேற்கத்திய நாலடிக் கைவீச்சைக் காட்டினால், 3+4 என்ற நடை குழம்பிக் குழு சிதறிவிடும்.

தேர்வுக்கு 45 நிமிடம் ஒதுக்குங்கள்; அன்று பாடகர் குழுவும் இருக்கட்டும். முன்பு பார்த்திராத பாமாலை ஒன்றைப் பெடலோடு வாசிக்கச் சொல்லி, அதையே ஒரு முழுச் சுரம் இறக்கியும் வாசிக்கச் சொல்லுங்கள். சுருதியைத் தானாக ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பட்டனைத் தொட விடாதீர்கள். ஆராதனையில் அதைப் பழையபடி வைக்க மறந்தால் அடுத்த பாட்டு தவறான சுருதியில் ஆரம்பமாகும். பிறகு ஒருவர் கீர்த்தனை பாட, உடன் வாசிக்கட்டும். இதெல்லாம் கால் மணி நேர வேலை. மீதி அரை மணியும் குழு அவர் கையில்: 16 பார் (தாள வட்டம்) அளவுள்ள புது ஆந்தம் (பாடகர் குழு பாடும் பாட்டு) ஒன்றைக் கற்றுக்கொடுக்கட்டும். பிசகு வந்ததும் "மறுபடி முதலிலிருந்து" என்கிறாரா, அல்லது டெனரை (ஆண்களின் மேல் குரல்) மட்டும் தனியாகப் பாட வைத்து, பேஸோடு (ஆண்களின் கீழ்க் குரல்) சேர்த்துப் பார்த்து, அதன்பின் எல்லாரையும் அழைக்கிறாரா என்று கவனியுங்கள். இரண்டாமவரே உங்களுக்கு வேண்டியவர். ஒவ்வொரு குரலையும் கீபோர்டில் அடித்தடித்தே ஊட்டுபவரின் குழு, வாத்தியமில்லாமல் பாடும் நாளில் சுருதி இறங்கிவிடும்.

வேலைக்கு வந்தவருக்குச் செய்ய வேண்டியதும் உண்டு. வீட்டுக் கீபோர்டில் 61 கட்டைகள் இருக்கலாம். காலுக்கு 30 அல்லது 32 பெடல்கள் ஆலயத்தில்தான் இருக்கின்றன. வார நாட்களில் ஆலயத்தைத் திறந்து கொடுக்காமல் பெடல் வாசிப்பை எதிர்பார்ப்பது நியாயமல்ல. ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு எண்கள் சனிக்கிழமை இரவு வாட்ஸ்அப்பில் வராமல் செவ்வாய்க்குள் அவர் கைக்குப் போக வேண்டும். சம்பளத்தில் ஆராதனை நேரத்தோடு ஒத்திகை நேரத்தையும் கணக்கிடுங்கள்.

கிறிஸ்துமஸ் கேரல் ஆராதனையில் அவர் எழுந்து குழுவுக்கு முன்னால் நின்று நடத்த வேண்டிய பாட்டுகள் வரும். அப்போது ஆர்கனில் உட்கார உதவியாளர் ஒருவர் தேவை. சபை இளைஞர் ஒருவரை ஜூன் மாதத்திலேயே தெரிந்தெடுத்து, வாரம் ஒரு பாமாலை பொதுஆராதனையில் வாசிக்க விட்டால் டிசம்பருக்குள் அவர் தயாராகிவிடுவார்.

இப்படிக்கு,
தேவாலய இசைப் பணியாளர்கள் சிலர்,
சென்னை