பிழையாகப் பேசவும் பிள்ளைகளுக்கு இடம் கொடுங்கள்

ஜப்பானியக் கல்வி அமைச்சகத்தின் மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். இந்நாட்டு நடுநிலைப் பள்ளி ஒன்றில் ஆங்கிலத் துணை ஆசிரியையாகப் பணியாற்றும் தமிழ்ப்பெண் நான். அண்மையில் என் வகுப்பில் நடந்ததைக் கண்ட பிறகு வாளாவிருக்க மனமில்லாமல் இம்மடலை எழுதுகிறேன்.

பெற்றோரின் பணி நிமித்தம் சில ஆண்டுகள் வெளிநாட்டில் வளர்ந்து திரும்பிய மாணவி ஒருத்தி, பாடப்பகுதியை இயல்பான ஆங்கில ஒலிப்புடன் வாசித்தாள். பின்வரிசையில் இருவர் அவளைப் போலவே சொல்லிக் காட்டிச் சிரித்தார்கள். அடுத்த வாரம் அதே மாணவி, அயற்சொற்களை எழுதும் ஜப்பானிய எழுத்தான கட்டகானாவில் உள்ளதை வாசிப்பவளைப் போல, மெய்யெழுத்துகளோடெல்லாம் ஓர் உயிரை ஒட்டி இழுத்து வாசித்தாள். யாரும் சிரிக்கவில்லை. தனியே அழைத்துக் காரணம் கேட்டேன். "இப்படி வாசித்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, சென்செய் (ஆசிரியை)" என்றாள். தெரிந்த மொழியைத் தெரியாததுபோல் காட்டிக்கொள்ள ஒரு சிறுமி பழகிவிட்டாள். நாடு திரும்பிய பிள்ளைகள் இப்படித் தம் ஒலிப்பை மறைத்துக்கொள்வது உங்களுக்குப் புதிய செய்தியல்ல என்பதுதான் என்னை மேலும் வருத்துகிறது.

சிரித்த பிள்ளைகளையும் நான் குறை சொல்லமாட்டேன். தாமே உணவு பரிமாறி, தாமே வகுப்பறையைத் துடைத்து, அடுத்தவருக்குத் தொல்லை தராமல் குழுவோடு இணைந்து நடக்க முதல் வகுப்பிலிருந்தே பழகியவர்கள் அவர்கள். அந்தப் பண்பை நான் மனமார மதிக்கிறேன். ஆனால் அயல்மொழியைப் பலர் முன்னிலையில் தவறாகப் பேசாமல் எவரும் கற்றதில்லை. விடை தெரிந்த மாணவன்கூட, பக்கத்தில் இருப்பவனிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளும் வரை வாய் திறப்பதில்லை. அவனைத் தடுப்பது நாக்கு அல்ல, அத்தனை பேர் நடுவில் தனித்துத் தெரிந்துவிடுவோமோ என்ற அச்சம்.

இந்த அச்சத்துக்கு நீங்கள் தந்த மருந்து என்ன? 2020இல் ஐந்தாம் ஆறாம் வகுப்புகளில் ஆங்கிலத்தை மதிப்பெண் பாடமாக்கினீர்கள். 2021இல் நடுநிலைப் பள்ளியில் கற்க வேண்டிய சொற்களை ஏறத்தாழ 1,200இலிருந்து 1,600 முதல் 1,800 வரை உயர்த்தினீர்கள். 2023ஆம் ஆண்டு தேசியத் தேர்வில், நடுநிலைப் பள்ளி மூன்றாம் ஆண்டு மாணவர்கள் பேச்சுப் பகுதியில் பெற்ற சராசரி 12.4 சதவீதம், அதிலிருந்த ஐந்து கேள்விகளில் ஒன்றுக்குக்கூடச் சரியாக விடை சொல்லாதவர்கள் பாதிக்கும் மேல். பேசவே அஞ்சும் பிள்ளையின் முன் இன்னொரு தேர்வை வைத்தால் அச்சம் எப்படிக் குறையும்?

என் கோரிக்கை ஒன்றே. வாரத்தின் நான்கு ஆங்கிலப் பாடவேளைகளில் ஒன்றையாவது, பத்துப் பேருக்கு மிகாத குழுக்களாகப் பிரித்து, மதிப்பெண்ணே இல்லாமல் நடத்த அனுமதியுங்கள். 35 பேர் உள்ள வகுப்பில் 50 நிமிடப் பாடவேளை முழுவதும் ஆசிரியர் வாயே திறக்காவிட்டாலும், ஒரு பிள்ளைக்குப் பேசக் கிடைப்பது ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவு.

ஆசிரியர்கள் போதவில்லை என்பீர்கள். பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பான ஓஇசிடி 2018இல் நடத்திய ஆய்வின்படி இந்நாட்டு நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் வாரத்துக்கு 56 மணி நேரம் உழைத்தார்கள். ஆய்வில் பங்கேற்ற நாடுகளிலேயே இதுதான் மிக அதிகம். மாலையிலும் விடுமுறையிலும் விளையாட்டுக் குழுக்களை மேய்த்துவிட்டு, இரவில் விடைத்தாள் திருத்தும் என் சக ஆசிரியர்கள் சோர்ந்து போயிருக்கிறார்கள். அவர்கள் மீது புதிய பாடத்திட்டங்களைச் சுமத்தத் தயங்காத நீங்கள், கூடுதல் ஆசிரியர்களை நியமிப்பதற்கு மட்டும் இத்தனை ஆண்டுகள் தயங்குவது நியாயமாகப் படவில்லை.

சற்றுக் கடுமையாக எழுதிவிட்டேனென்றால் பொறுத்தருள வேண்டும். நாடு முழுவதும் ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. வரும் ஏப்ரலில் கல்வியாண்டு தொடங்கும்போது, விருப்பமுள்ள சில பள்ளிகளிலாவது மதிப்பெண் இல்லாத சிறு குழு வகுப்புகளைத் தொடங்கிப் பார்க்க ஆணையிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அதற்காக வாரத்தில் எத்தனை மணி நேரம் கூடுதலாக உழைக்கவும் நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓர் ஆங்கிலத் துணை ஆசிரியை